ஆங்கியுடன் ஆறு வருஷம்: நான் எப்போது மறப்பேன் என்று கணக்குப் போடும் செயலி

'டி நார்பெ' என்றால் ஜெர்மனில் தழும்பு. போன செவ்வாய்க்கிழமை இரவுப் பணி முடிந்து பஸ்ஸில் வரும்போது இந்தச் சொல் போன் திரையில் வந்தது. அதற்கு முன்னால் வந்து பதினான்கு மாதம் ஆகியிருந்தது. நடுவில் ஒரு நாள்கூட அதை நான் நினைத்ததில்லை. பார்த்ததும் இரண்டு மூன்று விநாடி ஒன்றுமே தோன்றவில்லை. அப்புறம் ஆறிப்போன தையல் கோடு ஒன்று கண்ணுக்குள் வந்தது, பின்னாலேயே பொருளும் வந்துவிட்டது. 'குட்' பொத்தானை அழுத்தினேன். அடுத்த முறை இரண்டரை வருஷம் கழித்து என்று காட்டியது.

அந்த இரண்டு மூன்று விநாடிக்காகத்தான் ஆங்கியை ஆறு வருஷமாக விடாமல் வைத்திருக்கிறேன்.

நான் செவிலியர். ஜெர்மனி போகும் எண்ணத்தில் 2019-இல் மொழி படிக்க ஆரம்பித்தேன். ஆங்கி என்பது ஜப்பானியச் சொல், மனப்பாடம் என்று பொருள். டேமியன் எல்ம்ஸ் என்பவர் 2006-இல் வெளியிட்ட செயலி. அட்டையின் முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் விடை. விடையைப் பார்த்த பிறகு அகெய்ன், ஹார்ட், குட், ஈஸி என்ற நான்கு பொத்தான்களில் ஒன்றை அழுத்த வேண்டும். அதை வைத்து அந்த அட்டை மறுபடி எப்போது வரவேண்டும் என்பதைச் செயலி முடிவு செய்யும்.

முதல் நான்கு வருஷம் பழைய கணக்குமுறையில்தான் ஓட்டினேன். போலந்துக்காரர் பியோட்டர் வோஸ்னியாக் 1987-இல் எழுதிய எஸ்எம்-2 அதற்கு அடிப்படை. ஒவ்வொரு அட்டையும், அடுத்த இடைவெளி எத்தனை மடங்கு நீள வேண்டும் என்று சொல்லும் 2.5 என்ற பெருக்கு எண்ணோடு தொடங்கும். ஒவ்வொரு முறை மறக்கும்போதும் ஆங்கி அதில் 0.2 குறைக்கும், 1.3-க்குக் கீழே விடாது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆறு தடவை மறந்த சொல் அந்த 1.3-இல் போய் மாட்டிக்கொள்ளும். பிறகு நன்றாகத் தெரிந்துவிட்டாலும் வாராவாரம் வந்து நிற்கும். ஊருக்கே ஒரே கணக்கு, என் தலைக்கென்று தனிக் கணக்கு கிடையாது.

2023 கடைசியில் 23.10 பதிப்பு வந்தபோது எஃப்எஸ்ஆர்எஸ் என்ற புதிய முறையும் சேர்ந்து வந்தது. செயற்கை நுண்ணறிவு என்றால் நம்மோடு பேசும் இயந்திரம் என்றே இப்போது பலரும் நினைக்கிறார்கள். இதுவும் அந்த வகைதான், ஆனால் பேசாது. நான் இத்தனை வருஷம் அழுத்திய பொத்தான்களின் பதிவை எடுத்துக்கொண்டு, தன் கணிப்பு எங்கே தப்பியது என்று பார்த்துப் பார்த்து எண்களைத் திருத்திக்கொள்கிறது. மூளையைப் பார்த்து அமைத்த கணினி நிரல்களான பெரிய நரம்பு வலையமைப்புகளைப் பழக்குவதும் இதே வழியில்தான். அப்போது 17 எண்கள், பின்னால் வந்த வடிவத்தில் 21. என் மறதியின் வடிவமே அந்த எண்களுக்குள் அடங்கிவிடுகிறது.

ஒவ்வொரு அட்டைக்கும் அது மூன்று விஷயம் கணக்கிடும்: கடினம், நிலைப்பு, இந்த நிமிடம் கேட்டால் நினைவுக்கு வரும் வாய்ப்பு. அந்த வாய்ப்பு 90 சதவீதமாக இறங்க எத்தனை நாள் ஆகுமோ, அதுதான் நிலைப்பு. எனக்கு நம்பவே கஷ்டமாக இருந்த விஷயம் இதில்தான் இருக்கிறது. பளிச்சென்று நினைவிருக்கும் சொல்லைத் திரும்பப் பார்த்தால் நிலைப்பு கொஞ்சம்தான் ஏறும். மறக்கும் தறுவாயில், இழுத்துப் பிடித்து மீட்ட சொல்லுக்கு நிறைய ஏறும். பள்ளியில் தேர்வுக்கு முந்தின இரவு ஒரே பாடத்தைப் பத்து தடவை வாசிப்போமே, அந்தப் பத்தில் ஒன்பது தடவை நினைவுக்கு ஏறக்குறைய எதுவும் சேரவில்லை.

மறதியை அளக்கும் இந்த ஆராய்ச்சியைத் தொடங்கியவர் ஹெர்மான் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர். பொருளில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, விட்டுவிட்டு, திரும்பப் படிக்க எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்று அளந்தார். 1885-இல் அவர் வெளியிட்ட கணக்குப்படி, 20 நிமிடம் கழித்து மிச்சம் 58 சதவீதம், ஒரு நாள் கழித்து 34, ஒரு மாதம் கழித்து 21. முதல் நாளில் சரசரவென்று இறங்கும் கோடு அதற்கப்புறம் மெதுவாகத்தான் இறங்குகிறது. ஒரு மாதம் கழித்தும் ஐந்தில் ஒரு பங்கு எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதை வாசித்தபோது எனக்கு உண்மையிலேயே தெம்பு வந்தது.

சரி, புதிய முறைக்கு மாறியதும் என்ன ஆயிற்று? முதல் இரண்டு வாரம் குழப்பம். தெரியாத சொல்லெல்லாம் மூன்று மாதம் தள்ளிப் போயிற்று. செயலி சொன்னபடிதான் செய்தது, பிழை என் விரலில் இருந்தது. மறந்துபோன சொல்லுக்கும் நான் பல காலமாக 'ஹார்ட்' அழுத்தி வந்திருந்தேன். ஹார்ட் என்றால் கஷ்டப்பட்டு நினைவு வந்தது என்று அர்த்தம், மறந்தது என்றல்ல. தப்பான பதிவிலிருந்து அது தப்பாகவே கற்றுக்கொண்டது. அதன்பின் மறந்தால் அகெய்ன் மட்டும்தான். சில மாதத்தில் நேராகிவிட்டது.

இன்னொரு தவறு பேராசை. 90 சதவீதம் நினைவிருந்தால் போதும் என்ற இலக்கை 95 ஆக்கினேன். ஐந்து சதவீதம்தானே என்று தோன்றும். ஆனால் இடைவெளிகள் பாதிக்கும் கீழே சுருங்கும். தினம் நூறு அட்டை வந்த இடத்தில் இருநூறுக்கு மேல் வர ஆரம்பித்தது. மறுபடி 90-க்கே வந்துவிட்டேன். பத்தில் ஒன்று மறக்கத்தான் செய்யும், மறக்கட்டும்.

எண்களுக்கு எட்டாத இடமும் உண்டு. 'பெஷ்டெல்லன்' என்றால் ஆர்டர் செய்வது, 'பெஷ்டேயன்' என்றால் தேர்ச்சி பெறுவது. இரண்டும் எனக்கு மாறி மாறிக் குழம்பும். எட்டு முறை மறந்த அட்டைக்கு ஆங்கியில் 'லீச்' என்று பெயர், ரத்தம் உறிஞ்சும் அட்டை. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்லாக அமைந்தது எனக்கு மிகவும் பிடித்தது. என்னோடு படித்த பெண்தான் சொன்னாள்: "அக்கா, அந்தத் தனிச்சொல்லை அழிச்சிட்டு வாக்கியமா போடுங்க." போட்டேன், குழப்பம் குறைந்தது. முழுதாகத் தீர்ந்தது ஜெர்மன் மொழியின் பி2 நிலைத் தேர்வு முடிவு வந்த அன்று. வீட்டு வாசலில் நின்று அவளுக்குப் போன் செய்து "இஷ் ஹாபெ டி ப்ரூஃபுங் பெஷ்டாண்டன்" என்றேன். நான் தேறிவிட்டேன். அதற்குப் பிறகு அந்தச் சொல் ஒருமுறைகூடத் தவறவில்லை. ஆனால் ஆங்கிக்கு அந்த வாசல் தெரியாது. அட்டையில் எழுதியிருப்பதை அது வாசிப்பதே இல்லை, அதற்குத் தெரிந்தது பொத்தானும் தேதியும் மட்டும். அதனால் அடிக்கடி தடுமாறிய சொல்லாகவே நினைத்து, அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தள்ளிவைத்தது.

இயந்திரங்களும் மறக்கின்றன என்பது இதையெல்லாம் வாசிக்கப் போய்த் தெரிந்துகொண்டது. 1989-இல் மெக்ளாஸ்கி, கோஹன் என்ற ஆராய்ச்சியாளர்கள் ஒரு நரம்பு வலையமைப்புக்கு ஒன்றைக் கூட்டும் கணக்குகளைக் கற்பித்தார்கள். பிறகு இரண்டைக் கூட்டும் கணக்குகளை மட்டும் கற்பித்தார்கள். பழையது அழிந்தே போயிற்று. நம் மூளை ஏன் அப்படி ஆவதில்லை என்பதற்கு 1995-இல் மெக்லெல்லண்டும் அவருடைய சகாக்களும் ஒரு விளக்கம் தந்தார்கள்: மூளையின் உட்பகுதியான ஹிப்போகாம்பஸ் புதியதைச் சட்டென்று பிடித்து வைத்துக்கொண்டு, மூளையின் மேலடுக்கான பெருமூளைப் புறணிக்குப் பழையதோடு கலந்து மெதுவாகத் திரும்பத் திரும்ப ஓட்டிக்காட்டுகிறது, தூக்கத்திலும்கூட. தொடர்ந்து இரவுப் பணி வந்த வாரங்களில் நான் அகெய்ன் அழுத்துவது எப்போதும் கூடும். இதுதான் காரணம் என்று நிரூபிக்க என்னால் முடியாது, ஆனாலும் அந்த வாரங்களில் புதுச் சொல் சேர்ப்பதை நிறுத்திவிடுகிறேன்.

ஒரு குறை சொல்லியே ஆகவேண்டும். அட்டையில் தெரிந்த சொல் வாயில் வராது. பி2-க்கு முந்தின நிலையான பி1 பேச்சுத் தேர்வில் மேஜைக்கு எதிரே உட்கார்ந்ததும், அன்று காலை ஈஸி அழுத்திய சொற்களே நாக்குக்கு வரவில்லை. பேச வேண்டுமென்றால் ஆளோடு பேசித்தான் ஆகவேண்டும், இந்தச் செயலி அதற்கு உதவாது.

ஆண்ட்ராய்டிலும் கம்ப்யூட்டரிலும் இலவசம், ஐபோனில் காசு. எங்கள் வார்டில் புதிதாகச் சேர்ந்த தங்கை ஒருத்தி போன மாதம் ஆரம்பித்திருக்கிறாள். இருபது நாள் வீட்டில் உடம்பு சரியில்லாமல் இருந்துவிட்டு வந்து, அறுநூறு அட்டை சேர்ந்துவிட்டதே என்று கலங்கினாள். தாமதமாக வந்தும் நினைவிருந்தால் அந்தச் சொல் இன்னும் கெட்டியாகும் என்று சொன்னேன். தினம் ஐம்பது வைத்துக்கொள், மறந்தால் தயங்காமல் அகெய்ன் அழுத்து என்றேன். நேற்று கேட்டபோது இருநூற்றுப் பத்து பாக்கி என்றாள்.