லாஸ் வேகாஸ்: எல்லையை அகட்டுவதா, ஊருக்குள் நிரப்புவதா?

நெவாடாவில் ஏறத்தாழ 80 சதவீத நிலம் அமெரிக்க மத்திய அரசுடையது. 1998ஆம் ஆண்டுச் சட்டம் லாஸ் வேகாஸைச் சுற்றி ஒரு விற்பனை எல்லையை வகுத்தது; அதற்குள் இருக்கும் அரசு நிலத்தை ஏலத்தில் விற்கலாம். வீட்டு விலை ஏறும்போதெல்லாம் அந்த எல்லையை வெளியே தள்ளி இன்னும் நிலத்தை விற்கச் சொல்லும் குரல் எழுகிறது. மாற்று வழி, ஊருக்குள் காலியாகக் கிடக்கும் மனைகளில் கட்டி நிரப்புவது.

பணம்
விற்றால்: ஏலத் தொகையில் 85 சதவீதம் பூங்கா, வாழிடப் பாதுகாப்பு போன்றவற்றுக்கு; 5 சதவீதம் மாநிலக் கல்வி நிதிக்கு. நிலத்தை விற்று நிலத்தைக் காக்கும் விசித்திரமான ஏற்பாடு, ஆனால் ஓடுகிறது.
நிரப்பினால்: அந்த வருமானம் இல்லை, சாலையும் குழாயும் ஏற்கெனவே உண்டு.

ஆமை
விற்றால்: மொஹாவி பாலைவன ஆமை 1990 முதல் கூட்டாட்சிப் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறது. கட்டுநர் ஏக்கருக்கு 550 டாலர் கட்டிவிட்டு வேலையைத் தொடங்கலாம். அந்தத் தொகையால் வேறிடத்தில் வேலி போடலாம், ஆய்வு செய்யலாம். புல்டோசர் மூடிய வளை மூடியதுதான்.
நிரப்பினால்: ஆமைக்குத் தொல்லை குறைவு.

தண்ணீர்
வீட்டுக்குள் புழங்கும் நீர் சுத்திகரிக்கப்பட்டு, ஊருக்குத் தண்ணீர் தரும் மீட் ஏரிக்கே திரும்புகிறது. தோட்டத்துக்கு ஊற்றியது திரும்பாது. எனவே புறநகர்த் தனிவீடுகளைவிட அடுக்குமாடிக்கே என் ஓட்டு.

எளிமை
விற்றால்: ஒரே பெரிய துண்டு, ஒரே விற்பனையாளர்.
நிரப்பினால்: சிதறிய மனைகள், பல உரிமையாளர்கள், அண்டை வீட்டாரின் ஆட்சேபம்.

தொழிற்பேட்டைக்குப் பரந்த இடம் வேண்டுமானால் விற்பனையைத் தவிர்ப்பது கடினம். வாடகை வீடுகளுக்கு ஊருக்குள் நிரப்புவதே பொருந்தும்.