32 அங்குலமா, 43 அங்குலமா? முதலில் செட்டாப் பாக்ஸைப் பாருங்கள்

காசிமேட்டில் பெரியம்மா வீட்டு 21 அங்குல குண்டு டிவி போன மாதம் ஒரு ராத்திரி அணைந்தது. அப்புறம் எரியவே இல்லை. "இந்தத் தடவ பெருசா வாங்கிடலாம்ப்பா, முகமெல்லாம் நல்லாத் தெரியும்ல" என்றார். அவர் மனதில் இருந்தது 43 அங்குல 4கே. நான் 32 அங்குலம் போதும் என்றேன். ஒரு வாரம் இதே பேச்சு. அந்த ஒரு வாரத்தில் யோசித்ததையும் அளந்ததையும் இங்கே எழுதுகிறேன். தண்டையார்பேட்டை, ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் டிவி மாற்றப்போகிறவர்களுக்கு உதவும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். அட்டைப்பெட்டியில் 'டிஜிட்டல்' என்று அச்சடித்திருப்பதைப் பார்த்து, கேபிள் வயரை நேராகச் செருகினாலே படம் வந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். வராது. டிஜிட்டல் கேபிளில் எல்லாச் சேனலும் பூட்டித்தான் வருகிறது, அந்தப் பூட்டைத் திறப்பது செட்டாப் பாக்ஸ். சென்னைக்கு இது புதிதில்லை. 2003 செப்டம்பரிலேயே கட்டணச் சேனலுக்கு பாக்ஸ் வேண்டும் என்று ஆனது இங்கேதான். கேபிளை முழுக்க டிஜிட்டலாக மாற்ற நான்கு பெருநகரங்களுக்கும் 2012 அக்டோபர் 31 கெடு வைத்தார்கள். சென்னையில் அது வழக்குகளோடு இழுத்தது. 2017-இல் அரசு கேபிள் இலவச பாக்ஸ் தரத் தொடங்கிய பிறகுதான் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு பாக்ஸ் வந்தது. அதனால் டிவியின் அளவைவிட, அந்த பாக்ஸ் எஸ்டியா (சாதாரணத் தெளிவு) எச்டியா (கூடுதல் தெளிவு) என்பதுதான் முதல் கேள்வி.

கணக்கு இது. எஸ்டி படத்தில் 720-க்கு 576 புள்ளிகள். 32 அங்குல எச்டி ரெடி டிவியில் 1366-க்கு 768, ஃபுல் எச்டியில் 1920-க்கு 1080, 4கேயில் 3840-க்கு 2160. அதாவது பாக்ஸ் அனுப்பும் ஒரு புள்ளியை எச்டி ரெடி டிவி இரண்டரைப் புள்ளியாகப் பரப்புகிறது. ஃபுல் எச்டி ஐந்தாக. 4கே இருபதாக! இடையில் இருக்க வேண்டியதை டிவி தானாக ஊகித்து நிரப்புகிறது. செய்தி வாசிப்பவரின் முகம் மெழுகு பூசியது போலவும், கீழே ஓடும் எழுத்து கலங்கியும் தெரிவது இதனால்தான். எஸ்டி பாக்ஸை வைத்துக்கொண்டு 4கே டிவி வாங்குவது எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. 43-தான் வேண்டும் என்றால் எச்டி பாக்ஸும், எச்டி சேனலுக்கு ஆகும் கூடுதல் மாதக் கட்டணமும் சேர்த்துத்தான் விலையைப் பார்க்க வேண்டும்.

அடுத்தது தூரம். இன்ச் டேப் எடுத்து அளந்துவிடுங்கள். எஸ்டி படத்தைத் திரையின் உயரத்தைப் போல ஆறு மடங்கு தள்ளி உட்கார்ந்து பார்க்க வேண்டும், எச்டி என்றால் மூன்று மடங்கு போதும். 32 அங்குல டிவியின் திரை உயரம் 40 செ.மீ. எஸ்டிக்கு எட்டு அடி, எச்டிக்கு நான்கு அடி. 43 அங்குலத்தின் உயரம் சுமார் 54 செ.மீ. எஸ்டிக்குப் பத்தரை அடி, எச்டிக்கு ஐந்தேகால் அடி. பெரியம்மாவின் கூடம் பத்துக்குப் பத்து. டிவி ஸ்டாண்டும் கட்டிலும் போனால் மிச்சம் எட்டு அடிதான். அந்த எட்டு அடியில் 32 கச்சிதமாகப் பொருந்துகிறது. 43-இல் எஸ்டி பார்த்தால் படம் கலங்கித் தெரியும், எச்டி பார்த்தால் அருமையாக இருக்கும். 32-இலேயே ஃபுல் எச்டி தேடி அலைய வேண்டாம். ஆறடிக்கு அப்பால் வித்தியாசம் தெரிவது கடினம்.

விலை குறைவு என்று 24 அங்குலம் எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய 21 அங்குல டிவியின் திரை உயரம் 32 செ.மீ.; 24 அங்குல எல்இடியின் உயரம் 30 செ.மீ.தான். அகலம் கூடும், உயரம் குறையும். பெரியம்மா கேட்டது முகம் தெரிய வேண்டும் என்றுதானே?

பழைய டிவி இன்னும் ஓடுகிறவர்கள் அவசரப்பட வேண்டியதில்லை. 2006-இலிருந்து அரசு கொடுத்த 14 அங்குல கலர் டிவிகூட எஸ்டி பாக்ஸோடு சரியாக வேலை செய்யும்.

பாக்ஸே இல்லாமல் பார்க்க ஒரு வழி உண்டு: சாட்டிலைட் ட்யூனர் உள்ளேயே வைத்த டிவி. மாடியில் ஒரு டிஷ் வைத்தால் தூர்தர்ஷனின் டிடி ஃப்ரீ டிஷ் மாதக் கட்டணம் இல்லாமல் வரும். டிடி தமிழ் கிடைக்கும்; சன் டிவி, விஜய் டிவி போன்ற கட்டணச் சேனல்கள் வராது. சாயங்கால சீரியல் பார்க்கும் வீட்டுக்கு இது ஒத்துவராது. கட்டண டிடிஎச்சில் எல்லாம் வரும், ஆனால் எங்கள் பக்கம் இரண்டு சங்கடம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் படம் உறைந்து நிற்கும். உப்புக் காற்றில் டிஷ்ஷின் முனையில் வயர் சேரும் இடம் துருப்பிடிக்கும். லைன் வீட்டில் இருந்தால் மொட்டை மாடிக்கு வீட்டுக்காரரின் அனுமதியும் வேண்டும். கேபிளுக்கும் குறை உண்டு. 2016 வர்தா புயலில் தெருவில் கம்பம் சாய்ந்து எங்களுக்குப் பல நாள் படமே இல்லை. ஆனாலும் கூப்பிட்ட குரலுக்கு வந்து நிற்கும் கேபிள் அண்ணன் இருக்கும் வரை என் ஓட்டு கேபிளுக்குத்தான்.

ஸ்மார்ட் டிவியா சாதா டிவியா? வீட்டில் வைஃபை இருந்தால் ஸ்மார்ட், இல்லையென்றால் சாதா. அவ்வளவுதான்.

விலையில் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. 32 அங்குலம் வரை 18 சதவீத ஜிஎஸ்டி, அதற்கு மேல் 28 என்று இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் எல்லாவற்றுக்கும் 18. வரிக்குப் பயந்து 32-இல் நிற்க வேண்டியதில்லை. அறை பெரிதாக இருந்து எச்டி பாக்ஸும் இருந்தால் 43 ஃபுல் எச்டியைத் தாராளமாக எடுக்கலாம்.

கடையில் ஓடும் படத்தை நம்பாதீர்கள். அது பெரும்பாலும் பென்டிரைவில் போட்ட 4கே வீடியோ. "அண்ணே, கேபிள் கனெக்‌ஷன்ல ஒரு எஸ்டி சேனல் வையுங்க" என்று கேளுங்கள். அப்படியே பக்கவாட்டில் நகர்ந்தும் பாருங்கள். ஒரே கூடத்தில் ஒருவர் கட்டிலிலும் ஒருவர் அடுப்படி வாசலிலும் உட்கார்ந்து பார்க்கிற வீடுகள் நம்முடையவை. சில டிவிகளில் ஓரத்திலிருந்து பார்த்தால் கறுப்பு சாம்பலாக வெளுத்துவிடும்.

கடைசியில் பெரியம்மாவுக்கு 32 எச்டி ரெடி வாங்கினோம். 43-க்கும் இதற்கும் இருந்த விலை வித்தியாசத்தில் கொஞ்சம் எடுத்து எச்டி பாக்ஸுக்குக் கொடுத்தோம். பொருத்த வந்த பையன் பழக்கத்தில் மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயர்களைச் செருகிவிட்டுப் போய்விட்டான். படம் பழையபடி மங்கல். மஞ்சள் வயரில் எச்டி வராது, எச்டிஎம்ஐ வயர்தான் வேண்டும். மறுநாள் அதை வாங்கிச் செருகினேன். பெரியம்மா கட்டிலில் சாய்ந்தபடியே கீழே ஓடும் எழுத்தை வாய்விட்டுப் படித்தார்.