ரட்லண்டா, கார்சிங்டனா? கார் தொல்லை இல்லாமல் ஏரியைச் சுற்ற

இங்கிலாந்தில் ஏரியைச் சுற்றி சைக்கிள் என்றதும் எல்லோரும் லேக் டிஸ்ட்ரிக்ட் பக்கம்தான் கையைக் காட்டுவார்கள். அழகுக்குக் குறைவில்லை. ஆனால் கார் குறுக்கிடாமல் முழு வட்டம் அடிக்க அது தோதான இடமில்லை. அங்குள்ள விண்டர்மியர் ஏரியின் மேற்குக் கரையில் ரே காசிலிலிருந்து தெற்கே மரங்களுக்கிடையே அருமையான பாதை போகிறது. கிழக்குக் கரைக்கு வந்தாலோ பஸ்ஸும் காரும் நெருக்கும் சாலை. இயற்கை ஏரிகளின் கரையில் ஊரும் சாலையும் எப்போதோ வந்து உட்கார்ந்துவிட்டன. முழுச் சுற்று வேண்டுமென்றால் குடிநீருக்காகக் கட்டிய நீர்த்தேக்கங்களைத்தான் பார்க்க வேண்டும்.

லெஸ்டரில் இருக்கும் எங்களுக்கு இந்தக் கோடையில் அந்தக் கேள்வி நிஜமாகவே வந்தது. அண்ணன் குடும்பம் வந்திருந்தது. கூட்டத்தில் நாற்பது மைல் என்றாலும் சளைக்காத மச்சான் உண்டு. கல்லூரிக்குப் பிறகு சைக்கிளைத் தொடாத அண்ணி உண்டு. எட்டு வயது மகளும் உண்டு. ரட்லண்ட் வாட்டருக்குப் போனோம். இன்னொரு முறை கேட்டாலும் அதையேதான் சொல்வேன். ஏன் என்பதற்கு முன் மற்றவற்றைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம்.

ரக்பிக்குப் பக்கத்தில் இருக்கும் டிரேகாட் வாட்டர் ஐந்து மைல், வழவழப்பான தார்ப்பாதை, ஏற்றம் என்று எதுவும் இல்லை. குழந்தைக்குச் சைக்கிள் பழக்க இதைவிட நல்ல இடம் கிடையாது. பெரியவர்களுக்கு இரண்டாவது சுற்றில் கொட்டாவி வரும். நார்த்தாம்ப்டன் அருகே பிட்ஸ்ஃபோர்ட் ஏழு மைலை ஒட்டி வரும். ஏறக்குறைய சமதளம், சரளைப் பாதை. பிரிக்ஸ்வொர்த் பூங்காவில் தொடங்கினால் அரை நாளில் வேலை முடிந்துவிடும். அங்கே போகிறவர்கள் அருகிலேயே ஓடும் பிராம்ப்டன் வேலி வேயையும் சேர்த்துக்கொள்ளலாம். பழைய ரயில் தடம், 14 மைல், நடுவில் விளக்கில்லாத இரண்டு சுரங்கங்கள். குழந்தைகளுக்கு அந்தச் சுரங்கம் ஏரியைவிடப் பிடித்துப்போகும்.

வடக்கே நார்தம்பர்லண்டில் கீல்டர் வாட்டர் இருக்கிறது. கொள்ளளவில் பிரிட்டனின் மிகப் பெரிய செயற்கை ஏரி, 1982இல் மகாராணி திறந்துவைத்தது. லேக்சைட் வே என்ற கரைப்பாதை 26 மைல். அழகு என்று பார்த்தால் முதல் இடம் இதற்குத்தான் என்று நினைக்கிறேன். ஆனால் நான் ஓட்டியது தென்கரை மட்டும். வடகரையைப் பற்றி மச்சான் சொல்லிக் கேட்டதோடு சரி. கடை கிடையாது, போன் சிக்னல் கிடைத்தால் அதிர்ஷ்டம், காடும் தண்ணீரும்தான் என்றார். அவருக்கு அது சொர்க்கம்.

நிஜப் போட்டி கார்சிங்டனோடுதான். டெர்பிஷரில், ஆஷ்போர்ன் பக்கம். எங்களுக்கு ரட்லண்டைவிடக் கூடுதல் தூரம்தான். 1984இல் கட்டிக்கொண்டிருக்கும்போதே அணை சரிந்து, திரும்பக் கட்டி, 1992இல் திறந்தார்கள். சுற்றளவு எட்டு மைல். பார்வையாளர் மைய முற்றத்தில் பெரிய கருங்கல் உருண்டை ஒன்று மெல்லிய நீர்ப்படலத்தின் மேல் மிதக்கிறது. சின்னப் பிள்ளை கை வைத்துத் தள்ளினாலே உருள்கிறது. மகளை அங்கிருந்து கிளப்பவே தனியாக நேரம் ஒதுக்க வேண்டும். டிபன், கழிப்பறை, வாடகை சைக்கிள் எல்லாம் அங்கேயே. அணை மேல் மிதிக்கும் பகுதி அருமை. பிறகு எதிர்க்கரைக்குப் போனதும் கதை மாறுகிறது. காட்டுக்குள் பாதை மடிந்து மடிந்து ஏறி இறங்கும். ஒரு ஏற்றம் முடிந்தது என்று மூச்சு விடுவதற்குள் அடுத்தது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடப்பவர்களை அங்கே நிறையப் பார்க்கலாம். வடக்கே ஹாப்டன் பக்கம் சிறிது தூரம் ஊர்ச்சாலையிலும் போக வேண்டும், வண்டிகள் குறைவு.

இனி ரட்லண்ட். இங்கிலாந்தின் மிகச் சிறிய வரலாற்று மாவட்டத்தில் 1970களில் எம்பிங்கம் அருகே குவாஷ் ஆற்றை மறித்துக் கட்டிய ஏரி. ஹாம்பிள்டன் என்று மூன்றாக இருந்த ஊரில் நெதர் ஹாம்பிள்டன் தண்ணீருக்கடியில் போனது, நடு ஹாம்பிள்டனின் பெரும்பகுதியும் போனது, மேட்டில் இருந்த அப்பர் ஹாம்பிள்டன் மட்டும் தப்பியது. அந்த மேடுதான் இன்று ஏரிக்குள் நீண்டிருக்கும் தீபகற்பம். முழுச் சுற்று, தீபகற்பத்தையும் சேர்த்து, 23 மைல். அதை விட்டுவிட்டால் 17. சரளை போட்ட பாதை. மெல்லிய டயர் ரேஸ் சைக்கிள் வேண்டாம், ஹைபிரிட் போதும். மட்கார்டு கட்டாயம்: பல இடங்களில் ஆடுகள் பாதை மேலேயே படுத்திருக்கும், மழை பெய்த மறுநாள் சக்கரம் வாரியிறைப்பது வெறும் சேறு மட்டுமல்ல.

நூறு சதவீதம் கார் இல்லாத பாதை என்றும் சொல்ல மாட்டேன். மேன்டனில் ஊர்த்தெரு வழியாகத்தான் போக வேண்டும், ஓக்கம் பக்கம் பெரிய சாலையை ஒட்டி ஓடும் பாதையில் லாரிச் சத்தம் கேட்கும். எட்டு வயதுக்காரியோடு போக அது தடையாக இல்லை.

ரட்லண்டுக்கு என் ஓட்டு விழுந்த காரணம் வேறு. பாதியில் விட்டுவிட்டு வர வழி இருக்கிறதா என்பதுதான் அது. பலதரப்பட்ட ஆட்களோடு போகும்போது தூரமோ ஏற்றமோ பெரிய விஷயமில்லை. ஒருவருக்குக் கால் ஓய்ந்தால் என்ன செய்வது என்பதுதான் விஷயம். கார்சிங்டனில் மூன்று கார் நிறுத்துமிடங்கள் இருந்தும் எல்லாம் அணைப்பக்கமும் மையம் இருக்கும் கரையிலும்தான். களைப்பு வருவதோ எதிர்க்கரைக் காட்டில். அங்கே நின்றுவிட்டால் முன்னால் போவதும் பின்னால் போவதும் ஒன்றுதான், கார் உதவிக்கு வராது. எட்டு மைல் கேட்கச் சின்னதாக இருக்கிறது, ஆனால் அது ஒரே துண்டு. கீல்டரின் வடகரையிலும் இதே பிரச்சினைதான், மூன்று மடங்காக.

ரட்லண்டைத் துண்டு போட்டு ஓட்டலாம். வடகரையில் விட்வெல், தென்கரையில் நார்மன்டன், இரண்டு இடத்திலும் வாடகை சைக்கிளும் காபியும் உண்டு. இரண்டுக்கும் நடுவே ஏறத்தாழ நாலு மைல், ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளும் அணையின் மேலேயே போகலாம், பெரும்பாலும் சமதளம். இது அண்ணி, மகள் துண்டு. மேடுபள்ளம் தேடுகிறவர்களுக்கு ஹாம்பிள்டன் தீபகற்பம் மட்டும் தனி வட்டம், ஏழு மைல் அளவு. வட்டம் முழுக்க வேண்டும் என்பவர்கள் 17ஐயும் 23ஐயும் வழியிலேயே, கால் சொல்வதைக் கேட்டு முடிவு செய்யலாம். எகிள்டன், மேன்டன், லிண்டன், எடித் வெஸ்டன் என்று சில மைலுக்கு ஒரு ஊரோ நிறுத்துமிடமோ வந்துகொண்டே இருக்கும். பஞ்சர் ஆனாலும் போன் அடித்தால் கார் வந்துவிடும்.

அன்று அப்படித்தான் நடந்தது. காலையில் எல்லோரும் சேர்ந்து நார்மன்டனிலிருந்து அணையைத் தாண்டி விட்வெல் போனோம். “நீங்க போய்ட்டு வாங்க, நாங்க மெதுவா திரும்பிடறோம்” என்று அண்ணி மகளோடும் என் மனைவியோடும் வந்த வழியே திரும்பிவிட்டார். மச்சானும் அண்ணனும் நானும் பெரிய வட்டத்துக்குப் போனோம். திரும்பி வந்தபோது அவர்கள் நார்மன்டன் தேவாலயத்துக்கு முன்னால் புல்லில் ஜமுக்காளம் விரித்து, எங்களுக்கு வைத்திருந்த புளிசாதத்தில் பாதியைக் காலி செய்திருந்தார்கள். அந்தத் தேவாலயம் பார்க்க வேண்டிய ஒன்று. ஏரி நிறையும்போது மூழ்கிவிடும் என்று கீழ்ப்பாதியைக் கல்லும் கான்கிரீட்டும் கொட்டி நிரப்பி, தரையை உயர்த்தினார்கள். இப்போது மேல்பாதி மட்டும் தண்ணீரில் நிற்கிறது, ஒரு குறுகிய கல்பாதை அதைக் கரையோடு சேர்க்கிறது.

பறவை பார்க்கிறவர்களுக்கும் ரட்லண்டே மேல். 1996இல் ஸ்காட்லாந்திலிருந்து குஞ்சுகளைக் கொண்டுவந்து விட்ட விராலடிப்பான்கள் (மீன் பிடித்துத் தின்னும் பெரிய பறவை) 2001இலிருந்து இங்கேயே கூடு கட்டுகின்றன. கோடையில் லிண்டன் பக்கம் மேன்டன் விரிகுடாவில் பார்க்கலாம். 2021இல் எகிள்டன் பக்கக் குட்டையில் தண்ணீரை இறக்கியபோது சுமார் 10 மீட்டர் நீளக் கடல் ஊர்வனப் புதைபடிவம் ஒன்று வெளிப்பட்டது. சைக்கிளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லைதான், ஆனால் களைத்த குழந்தையை இன்னும் ஒரு மைல் ஓட்டவைக்க இந்தக் கதை உதவும்.

இரண்டு பேர் மட்டும், இருவருக்கும் ஒரே அளவு தெம்பு, கையில் அரை நாள்தான் என்றால் கார்சிங்டனுக்கே போங்கள். ஏற்றம் ஒரு பொருட்டாக இராது, சுற்றி டெர்பிஷர் குன்றுகள் ரட்லண்டைவிட அழகு. வாடகை மின்சைக்கிள் எடுத்தால் எதிர்க்கரையும் சுலபமாகிவிடலாம். நான் அங்கே அதை ஓட்டிப் பார்க்கவில்லை.

ரட்லண்டில் முழு வட்டம் என்றால் காரை நார்மன்டனில் நிறுத்தி, முதலில் தென்கரையில் மேற்கு நோக்கிப் போவதுதான் என் பழக்கம். இந்த ஊரில் காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வரும்; தெம்பு இருக்கும்போதே எதிர்காற்றைச் சமாளித்துவிடலாம், வடகரையில் அதுவே முதுகைத் தள்ளும். இதில் ஒரு குறை, பார்ன்ஸ்டேல் காட்டு ஏற்றம் கடைசிப் பாதியில் வருகிறது. அங்கே கியரைக் கடைசிக்கு இறக்கிவிட்டு மெதுவாக ஏறுங்கள், இல்லையென்றால் இறங்கித் தள்ளுங்கள். மச்சானைத் தவிர நாங்கள் எல்லோரும் தள்ளினோம்.