மண் காப்புக்குப் பணம்: நிலத்துக்கா, செயலுக்கா, விளைவுக்கா?

மண்வளம் காக்கும் விவசாயிகளுக்குப் பொதுப்பணத்திலிருந்து ஊக்கத்தொகை தருவதென்று முடிவாகிவிட்டால், அதை எதற்காகத் தருவது என்பதில் மூன்று வழிகள் உள்ளன.

நிலத்தைப் பயிரிடாமல் விடுவதற்கு வாடகை தருவது முதல் வழி. அமெரிக்காவில் 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த திட்டம், எளிதில் அரிக்கப்படும் நிலங்களுக்கு 10 முதல் 15 ஆண்டு ஒப்பந்தம் போட்டு, ஆண்டுதோறும் வாடகை கொடுத்து, புல்லும் மரமும் வளர்க்கச் செய்கிறது. சீனா 1999-இல் தொடங்கிய திட்டம், செங்குத்துச் சரிவுகளில் சாகுபடியைக் கைவிட்டோருக்குத் தானியமும் பணமும் தந்தது. அரிப்பு குறைவது உறுதிதான். ஆனால் தானிய விலை ஏறும்போது ஒப்பந்தம் முடிந்த நிலம் மீண்டும் உழவுக்குப் போய்விடுகிறது. அமெரிக்கத் திட்டத்தில் 2007-இல் சுமார் 3.7 கோடி ஏக்கராக இருந்த பரப்பு பிறகு சுருங்கியதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டாவது வழி, மூடுபயிர் (மண் வெறுமையாகக் கிடக்காமல் மூடிக் காக்க வளர்க்கும் பயிர்), உழவில்லாச் சாகுபடி, சம உயர வரப்பு (சரிவுக்குக் குறுக்கே ஒரே மட்டத்தில் போடும் வரப்பு) போன்ற செயல்களுக்குப் பணம் தருவது. வரப்பு போட்டாயிற்றா என்பதை நேரில் போய்ப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஆனால் எப்படியும் வரப்பு போட்டிருக்கக்கூடியவருக்கும் பணம் போய்ச் சேரும்.

அந்த விரயத்தைத் தவிர்க்க முன்வைக்கப்படும் மூன்றாவது வழி, மண்வளத்தின் அளவுகோலாகக் கொள்ளப்படும் கரிமம் (கார்பன்) மண்ணில் எவ்வளவு கூடியது என்று அளந்து அதற்கேற்பப் பணம் தருவது. கேட்பதற்கு நியாயமாக இருந்தாலும் அளக்கப் போனால்தான் சிக்கல் புரிகிறது. வழக்கமாக 30 சென்டிமீட்டர் ஆழம்வரை மண்ணெடுத்து, கரிம விழுக்காட்டோடு மண்ணின் அடர்த்தியையும் கணக்கிட வேண்டும். ஒரே வயலில் சில அடி தள்ளி எடுத்த மாதிரியே வேறு எண்ணைக் காட்டும். ஓராண்டில் கூடும் கரிமமோ அந்த வேறுபாட்டுக்குள் மறைந்துபோகும் அளவுக்குச் சிறியது. கூடிய கரிமத்தை மறு உழவு கரைத்துவிடக்கூடும் என்பதால்தான் ஆஸ்திரேலியா, கூடிய கரிமத்தை 25 அல்லது 100 ஆண்டு மண்ணிலேயே காக்க வேண்டும் என்ற கடப்பாட்டை விதிக்கிறது. குத்தகைக்கு உழுபவர் இதில் எப்படிக் கையெழுத்திடுவார்? பல்லாண்டாக மண்ணைப் பேணி வந்தவருக்கோ இனிக் கூட்ட அதிகம் இராது. அவருக்குத்தான் மிகக் குறைவாகக் கிடைக்கும்.

ஆகவே மிகச் செங்குத்தான நிலங்களுக்கு மட்டும் வாடகையும், மற்றவற்றுக்குச் செயல்வழித் தொகையும் தருவதே எனக்குச் சரியாகப் படுகிறது. முன்பே தொடங்கியவர்களுக்கும் பராமரிப்புத் தொகை தர வேண்டும். இல்லாவிட்டால், இருக்கும் வரப்பை உழுதுவிட்டுப் புதிதாக விண்ணப்பிப்பதே லாபம் என்றாகிவிடும்.