நான்காவது மாத்திரை எது? அடங்காத இரத்த அழுத்தத்துக்கான வழிகள்: ஓர் ஒப்பீடு

மூன்று வகை மாத்திரைகளை முழு அளவில் எடுத்துக்கொண்டும் மேல் அழுத்தம் 150, 160 என்று இறங்க மறுக்கிறது. ஒன்று ஆம்லோடிபின் போன்ற கால்சியம் தடுப்பான், இன்னொன்று டெல்மிசார்டன் வகை மருந்து, மூன்றாவது சிறுநீர்ப் பெருக்கி. இந்த நிலையைத்தான் அடங்காத உயர் இரத்த அழுத்தம் என்கிறார்கள். நான்காவதாக எதைச் சேர்ப்பது என்பதில் ஸ்பைரோனோலாக்டோன் என்ற பழைய மாத்திரை, பீட்டா தடுப்பான்கள், சிறுநீரக நரம்புகளைச் செயலிழக்கச் செய்யும் சிகிச்சை, புதிதாக வந்திருக்கும் மருந்துகள் என நான்கு தரப்பும் களத்தில் இருக்கின்றன. என் முதலிடம் பழைய மாத்திரைக்கு. இதயத் தமனி இறுக்கமும் சேர்ந்துவிட்டால் கணக்கு கொஞ்சம் மாறும்; அதைப் பிறகு சொல்கிறேன்.

அதற்கு முன் ஒரு சோதனை. அழுத்தம் உண்மையிலேயே அடங்கவில்லையா, மாத்திரைதான் சரியாகப் போகவில்லையா? மருத்துவரைப் பார்த்த பதற்றத்தில் ஏறும் அழுத்தமும் உண்டு. வீட்டில் அளந்த கணக்கோ, 24 மணி நேரப் பதிவோ இல்லாமல் நான்காவது மாத்திரையை எழுதுவது அவசரம். வலி மாத்திரைகள், குறட்டையோடு வரும் மூச்சுத் தடை, அட்ரீனல் சுரப்பியின் மிகைச் சுரப்பு ஆகியவற்றையும் தேடிப் பார்க்க வேண்டும்.

இனி ஸ்பைரோனோலாக்டோன். அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகப் புழக்கத்தில் உள்ள மருந்து இது. இதன் தகுதியை நிறுவியது பிரிட்டனில் நடந்து 2015இல் லான்செட் இதழில் வெளியான பாத்வே-2 ஆய்வு. அதன் வடிவமைப்பு எனக்கு மிகவும் பிடித்தது. 335 பேரைக் குழுக்களாகப் பிரித்து ஆளுக்கொரு மருந்து கொடுக்கவில்லை. ஒவ்வொருவருக்கும் ஸ்பைரோனோலாக்டோன், பீட்டா தடுப்பானான பைசோப்ரோலால், இரத்தக் குழாயைத் தளர்த்தும் டாக்ஸாசோசின், மருந்தே இல்லாத வெற்று மாத்திரை ஆகிய நான்கையும் முறைவைத்துப் பன்னிரண்டு வாரங்கள் வீதம் கொடுத்தார்கள். எந்த வாரங்களில் எதை விழுங்குகிறார் என்பது அவருக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. அழுத்தத்தை அளந்தது வீட்டில். ஆக, ஒரே உடலில் நான்கு மாத்திரைகளும் நேருக்கு நேர் மோதின. வெற்று மாத்திரையைவிட ஸ்பைரோனோலாக்டோன் மேல் அழுத்தத்தை 8.7 அலகு (மி.மீ. பாதரசம்) கூடுதலாகக் குறைத்தது. மற்ற இரண்டு மருந்துகளையும்விட நான்கு அலகுக்கு மேல் முன்னால் நின்றது.

ஏன் என்பதற்கும் விடை கிடைத்தது. இரத்தத்தில் ரெனின் என்ற சிறுநீரகச் சுரப்பின் அளவு குறைவாக இருந்தவர்களிடம் இந்த மருந்து அதிகம் வேலை செய்தது. உடலில் உப்பும் நீரும் தேங்கியிருப்பதன் அடையாளம் அது. உப்பைப் பிடித்து வைக்கச் சொல்லும் ஆல்டோஸ்டிரோன் என்ற சுரப்பை ஸ்பைரோனோலாக்டோன் மறிக்கிறது.

குறைகளும் உண்டு. ஆண்கள் சிலருக்கு மார்பு வீங்கி வலிக்கும். அப்படிப்பட்டவர்களுக்கு அமிலோரைடு என்ற, பொட்டாசியத்தை வெளியேற்றாத சிறுநீர்ப் பெருக்கி நல்ல மாற்று. தென்கொரியாவில் 118 பேரிடம் இரண்டையும் ஒப்பிட்டு 2025இல் வெளியான ஆய்வில், வீட்டு அளவீட்டில் அமிலோரைடு பின்தங்கவில்லை. பெரிய ஆபத்து பொட்டாசியம் ஏறுவது. பாத்வே-2இல் அது அரிதாகவே நடந்தது. ஆனால் சிறுநீரகம் ஓரளவு நன்றாக இருந்தவர்களை மட்டுமே அதில் சேர்த்திருந்தார்கள். நம் ஊரில் இந்த மாத்திரை எடுப்பவர் தினமும் இளநீர் குடித்தால், அல்லது 'சோடியம் குறைந்த உப்பு' என்று விற்பதை வாங்கிச் சமைத்தால், இரண்டிலும் பொட்டாசியம் மிகுதி என்பதை யாராவது அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். மருந்துச் சீட்டோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய செய்தி இது. தொடங்கிய சில வாரங்களில் இரத்தப் பரிசோதனை கட்டாயம். சிறுநீரகம் வெகுவாகப் பழுதானவர்களுக்கு முதலில் குளோர்தாலிடோன் என்ற சிறுநீர்ப் பெருக்கியை நினைக்கலாம். 160 பேரைச் சேர்த்து 2021இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், நான்காம் நிலைச் சிறுநீரக நோயாளிகளிடம் அது 24 மணி நேர அழுத்தத்தைச் சுமார் 11 அலகு இறக்கியது.

அடுத்து சிறுநீரக நரம்பு சிகிச்சை. தொடைத் தமனி வழியாக ஒரு மெல்லிய குழாயைச் சிறுநீரகத் தமனிவரை செலுத்தி, தமனியின் வெளிச்சுவரில் ஓடும் நரம்புகளைச் சூட்டால் செயலிழக்கச் செய்வார்கள். ரேடியோ அலைக் கருவி ஓரிடத்தில் ஒரு நிமிடம் சுடும். மீயொலிக் கருவிக்கு ஏழு வினாடி போதும். தமனியின் உட்சுவர் கருகாதபடி அதன் பலூனுக்குள் நீர் சுழன்றுகொண்டே இருக்கும்.

இந்தச் சிகிச்சை 2010இல் பெரும் பரபரப்பை உண்டாக்கியது. சிம்ப்ளிசிட்டி-2 ஆய்வில் 106 பேர் கலந்துகொண்டார்கள். சிகிச்சை பெற்றவர்களின் மேல் அழுத்தம் 32 அலகு இறங்கியது. பெறாதவர்களுக்கு ஒன்றுமே இறங்கவில்லை. ஆனால் யாருக்குச் சிகிச்சை நடந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். 2014இல் அமெரிக்காவின் சிம்ப்ளிசிட்டி-3 இந்த ஓட்டையை அடைத்தது. 535 பேரை அறைக்குக் கொண்டுபோய், மயக்கம் தந்து, கண்ணைக் கட்டி, காதில் இசையை ஒலிக்கவிட்டார்கள். சிலருக்கு நரம்பைச் சுட்டார்கள். மற்றவர்களுக்குத் தமனியைப் படம் மட்டும் எடுத்துவிட்டு அனுப்பினார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் சுட்டவர்களுக்கு 14 அலகு, சுடாதவர்களுக்கு ஏறக்குறைய 12 அலகு. வித்தியாசம் தேறவில்லை.

பிறகு கருவிகளும் தேர்வு முறையும் மேம்பட்டன. மூன்று மருந்துக்கும் அடங்காத 136 பேரிடம் மீயொலிக் கருவியைச் சோதித்த ரேடியன்ஸ் ட்ரையோ ஆய்வில், போலிச் சிகிச்சையைவிட 4.5 அலகு கூடுதலாக இறங்கியது. அமெரிக்க மருந்து நிர்வாகம் 2023 நவம்பரில் இருவகைக் கருவிகளுக்கும் அனுமதி தந்தது. ஆக, இது வேலை செய்கிறது, ஆனால் அளவாக. மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர், எத்தனை சொன்னாலும் தினசரி மாத்திரையில் நிலைக்காதவர், இவர்களுக்கு இது உண்மையான வழி. ஸ்பைரோனோலாக்டோனை ஒருமுறைகூடத் தொட்டுப் பார்க்காதவருக்கு இதைப் பரிந்துரைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

புது மருந்துகளில் அப்ரோசிடென்டன் 2024இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. வெற்று மாத்திரையைவிட நான்கு அலகுக்குச் சற்றுக் குறைவான பலன். காலில் நீர் வீக்கம் தொல்லை. எனக்கு இதில் பெரிய ஆர்வமில்லை. பாக்ஸ்ட்ரோஸ்டாட் வேறு ரகம். ஆல்டோஸ்டிரோனைப் பிறகு மறிப்பதற்குப் பதில், அது உற்பத்தியாவதையே நிறுத்துகிறது, உடலுக்குத் தேவையான இன்னொரு அட்ரீனல் சுரப்பான கார்டிசோலைத் தொடுவதில்லை. 2025இல் வெளியான பாக்ஸ்-எச்டிஎன் ஆய்வில், சுமார் 800 பேரிடம், 2 மில்லிகிராம் அளவு வெற்று மாத்திரையைவிட 9.8 அலகு கூடுதலாகக் குறைத்தது. நம்பிக்கை தரும் எண்தான். ஆனால் எதிரே நிறுத்தியது வெற்று மாத்திரையை. ஸ்பைரோனோலாக்டோனோடு நேருக்கு நேர் மோதி வெல்லும்வரை அதை முன்னால் வைக்க எனக்கு மனம் வராது. பொட்டாசியக் கவலையும் இதில் தீரவில்லை.

இப்போது இதயத் தமனி இறுக்கம். 1959இல் பிரின்ஸ்மெட்டல் என்ற அமெரிக்க இதய மருத்துவர் விவரித்த நோய். ஓய்வில் இருக்கும்போது, பெரும்பாலும் நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையே நெஞ்சு வலிக்கும். தமனியில் பெரிய அடைப்பு இல்லாமலேயே அது திடீரென இறுகிக்கொள்கிறது. புகைபிடித்தல் முக்கியத் தூண்டுகோல். இப்படிப்பட்டவருக்கு அடங்காத அழுத்தமும் இருந்தால், பட்டியலில் இருந்த பீட்டா தடுப்பான் கீழே போய்விடும். குறிப்பாக ப்ரோப்ரனோலால் போன்றவை தமனியைத் தளர்த்தும் வழியை அடைத்து, இறுக்கும் வழியைத் திறந்து விடுகின்றன. இதயத்தை மட்டும் குறிவைக்கும் பைசோப்ரோலாலிலும் எச்சரிக்கை தேவை. 'நெஞ்சு வலி, பிரஷர், இரண்டுக்கும் ஒரே மாத்திரை' என்று பழக்கத்தில் எழுதுவது இங்கே தீங்காகலாம்.

நல்வாய்ப்பாக, கால்சியம் தடுப்பான்கள் இரண்டு நோய்க்கும் பொதுவான மருந்து. தமனி இறுக்கத்துக்கு முதல் தேர்வே அவைதான். ஆம்லோடிபின் போதாவிட்டால் டில்டியாசெம். அதோடு பீட்டா தடுப்பான் சேர்ந்தால் நாடித்துடிப்பு ஆபத்தாகக் குறையலாம். இரத்தக் குழாயை விரிக்கும் நைட்ரேட் வலியைத் தணிக்கும். ஆனால் ஜப்பானில் 1,429 நோயாளிகளின் பதிவேட்டை அலசிய 2015ஆம் ஆண்டு ஆய்வில், நைட்ரேட்டைத் தொடர்ந்து எடுப்பது மாரடைப்பு போன்ற பெரிய பாதிப்புகளைக் குறைத்ததாகத் தெரியவில்லை. குழாயை விரிக்கும் இன்னொரு மருந்தான நிகோராண்டிலோடு சேர்ந்தபோது பாதிப்பு கூடுதலாகவே தெரிந்தது. இது பதிவேட்டு ஆய்வு, சீட்டுக் குலுக்கிப் பிரித்த ஆய்வு அல்ல. ஆனாலும் பழக்கத்தில் எழுதும் கையை நிறுத்தி யோசிக்க வைக்கப் போதும்.

இந்நோயை உறுதிசெய்ய ஜப்பானில் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளை இதயத் தமனிக்குள் செலுத்தி இறுக்கத்தை வரவழைத்துப் பார்ப்பது வழக்கம். ஸ்காட்லாந்தின் கார்மிக்கா ஆய்வு இத்தகைய சோதனையின் மதிப்பைக் காட்டியது. அடைப்பில்லாத நெஞ்சு வலியுடைய 151 பேருக்கும் சோதனை நடந்தது. பாதிப் பேருக்கு மட்டும் முடிவை வெளியிட்டு அதன்படி மருந்தை மாற்றினார்கள். ஆறு மாதத்தில் அவர்களின் வலி தெளிவாகக் குறைந்தது.