கரண்ட் பைக் வாங்கமுதல் சீற்றைத் தூக்கிப் பாருங்கோ

வடமராட்சியிலிருந்து யாழ்ப்பாணத்துக்குத் தினமும் வேலைக்குப் போய்வருகிற ஆராவது இப்போது எலக்ட்ரிக் பைக் தேடிக்கொண்டிருந்தால், காசு கட்டமுதல் இதை ஒருக்கா வாசியுங்கள். 4 இலட்சத்து 15 ஆயிரம் ரூபாய் கொடுத்து நான் ஏமாந்திருக்கிறேன். கடையின் பெயரை எழுதவில்லை. அவர்கள் கதைத்த கதையையும் செய்த வேலையையும் மட்டும் எழுதுகிறேன். அதே கதை வேறு கடையிலும் உங்களுக்குச் சொல்லப்படலாம்.

என் வீடு நெல்லியடிப் பக்கம், கந்தோர் யாழ்ப்பாண நகருக்குள். ஒரு வழிக்கு 25 கிலோமீற்றர் வரும். மகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டுப் புறப்பட ஏழரை தாண்டிவிடும், எட்டரைக்குக் கந்தோரில் விரல் வைக்கவேண்டும். 750ஆம் இலக்க பஸ்ஸை நம்பினால் பாதிநாள் பிந்தும். 2022இல் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய்க்குப் போனதையும், பிறகு கியூஆர் காட்டிக் கிழமைக்கு 4 லீற்றர் வாங்கியதையும் நான் மறக்கவில்லை. அந்த 4 லீற்றர் எனக்கு மூன்று நாளுக்குத்தான் காணும். அந்தப் பயத்தில்தான் போன வருசம் சித்திரை வருசக் கழிவு என்று கேள்விப்பட்டவுடன் கடைக்குப் போனேன்.

“அக்கா, 3000 வாட் மோட்டர். ஒருக்கா சார்ஜ் போட்டா 90 கிலோமீற்றர் ஓடும். பற்றறி கிராபீன், லித்தியத்தைவிடப் புதுசு. ரெண்டு வருச வாரண்டி.” ஒரே மூச்சில் சொன்னார்கள்.

“எனக்குப் போய்வர 50 கிலோமீற்றர் தம்பி. 45, 50 வேகத்தில ஓடவேணும். தாங்குமோ?”

“கண்ணை மூடிக்கொண்டு எடுங்கோ அக்கா.”

ஓடிப்பார்க்கக் கடைக்குப் பின்னால் இருந்த ஒழுங்கையில் இரண்டு சுற்றுத் தந்தார்கள். நம்பர் பதிந்து தந்தார்கள், அதில் குறை சொல்லமாட்டேன். பில்லில் ‘எலக்ட்ரிக் பைக் 1’ என்று மட்டும் இருந்தது. பற்றறி என்ன வகை என்று ஒரு சொல்லும் இல்லை. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

முதல் மாதம் மெதுவாக, 35 வேகத்தில் ஓடி ஒருமாதிரி வீடு வந்து சேர்ந்தேன். வைகாசி பிறந்து சோளகம் என்கிற தென்மேற்குக் காற்றுத் தொடங்கியதோடு பிரச்சினை வெளித்தது. நெல்லியடியிலிருந்து காலையில் வருகிறவர்களுக்கு வழியிலுள்ள வல்லை வெளியில் சோளகம் முகத்துக்கு நேரே அடிக்கும். இரண்டு பக்கமும் உவர்நிலம், மறைப்புக்கு ஒரு வடலிகூட இல்லை. முழு முறுக்கு முறுக்கினாலும் பைக் 32க்கு மேல் ஏறாது. திரையில் ஐந்து கோடு இருந்த சார்ஜ் இரண்டாக விழும், கையை விட்டால் திரும்ப நாலாகும். ஏதோ மீற்றரில் பிழை என்று நினைத்தேன். பற்றறி சுமை தாங்காமல் வோல்ற் இறங்குவதன் அடையாளம் அது என்று பிறகுதான் தெரிந்தது.

ஆனி மாதம் ஒரு நாள் பின்னேரம், ஆறு மணிக்குக் கிட்ட, வல்லைப் பாலம் தாண்டினவுடன் பைக் அடியோடு நின்றுவிட்டது. தள்ளிப் பார்த்தேன். பற்றறி மட்டுமே 40 கிலோ வருகிற பைக்கை எதிர்க்காற்று இல்லாத நேரத்திலும் ஒரு பொம்பிளை எவ்வளவு தூரம் தள்ளலாம்? இருட்டிக்கொண்டு வந்தது. மகள் அம்மம்மா வீட்டில் காத்திருந்தாள். அச்சுவேலியிலிருந்து வெங்காயம் ஏற்றிவந்த பட்டா என்கிற சின்ன லொறி ஒன்றை மறித்தேன். அந்த அண்ணா மூட்டைகளை ஒதுக்கி, பைக்கையும் என்னையும் ஏற்றிவந்து வீட்டடியில் இறக்கிவிட்டார். காசு நீட்டினேன், வாங்கவில்லை.

அடுத்த நாள் எங்கள் ஊரில் பைக் திருத்துகிற ஐயா ஒருவரிடம் கொண்டுபோனேன். சீற்றைத் தூக்கி, மூடியைக் கழற்றி, உள்ளே கையைக் காட்டினார். ஆறு கறுப்புப் பெட்டிகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் ‘6-டிஇசட்எம்-20’ என்ற எழுத்து. “பிள்ளை, இது ஈயம். கிராபீன் எண்டு மேல ஒரு ஸ்ரிக்கர் ஒட்டியிருக்கு, அவ்வளவுதான்.” டிஇசட்எம் என்று இருந்தால் அது எலக்ட்ரிக் பைக்குக்கென்று செய்யும் ஈய அமிலப் பற்றறி. 20 என்பது அம்பியர்-மணி, அதாவது பற்றறி எவ்வளவு மின்னைப் பிடிக்கும் என்ற அளவு. பற்றறியிலிருந்து மோட்டருக்கு மின்னை அளந்து விடுகிற கொன்ட்ரோலரின் லேபிளையும் துடைத்துக் காட்டினார்: 72 வோல்ற், 28 அம்பியர். இரண்டையும் பெருக்கினால் 2016 வாட். கொன்ட்ரோலர் விடுவதே 2000 வாட் என்றால் மோட்டருக்கு 3000 எங்கிருந்து வரும்?

90 கிலோமீற்றர் கதைக்கும் அப்படித்தான். 72ஐ 20ஆல் பெருக்கினால் 1440 வாட்-மணி. இந்த மாதிரி பைக் 50 வேகத்தில் ஓடும்போது கிலோமீற்றருக்கு 30, 35 வாட்-மணி குடிக்கும். ஆகவே கடுதாசிக் கணக்கிலேயே 48 கிலோமீற்றர் தாண்டாது. அதிலும் ஈயப் பற்றறியிலிருந்து வேகமாக மின்னை இழுத்தால் எழுதியிருக்கிற அளவு முழுவதும் கிடைக்காது, எதிர்க்காற்று என்றால் இன்னும் மோசம். 25 வேகத்தில் ஊர்ந்து ஓடினால் கிடைக்கிற தூரத்தைத்தான் எனக்குச் சொல்லி விற்றிருக்கிறார்கள். மீற்றரும் பொய்: 60 காட்டும்போது போனில் ஜீபிஎஸ் 48 காட்டியது.

ஈயப் பற்றறி என்றாலே கூடாது என்று நான் சொல்லவரவில்லை. எங்கள் கந்தோரில் கோண்டாவிலிலிருந்து வருகிற அக்கா ஈயப் பற்றறி பைக்தான் வைத்திருக்கிறா. ஆறு கிலோமீற்றர் ஓட்டம், ஒரு கரைச்சலும் இல்லை. எங்களைப்போலத் தூரமும் வேகமும் தேவைப்படுகிறவர்கள் லித்தியம் அயன் பொஸ்பேற் பற்றறியைக் கேட்கவேண்டும். விலை கூட. ஆனால் பாரம் மூன்றிலொரு பங்குக்குக் கிட்டத்தான் வரும், ஆயிரம் தடவைக்கு மேல் சார்ஜ் போடலாம். ஈயத்தை ஒவ்வொரு நாளும் அடிவரை வற்றவிட்டால் சில நூறு தடவையோடு சரி.

கடைக்குத் திரும்பப் போனேன். “கொழும்பில இருந்து ஆள் வருவார், விட்டிட்டுப் போங்கோ.” மூன்று கிழமை பைக் அங்கேயே கிடந்தது. திருப்பித் தந்தபோது ஒரு பற்றறியை மாற்றியிருந்தார்கள், அதுவும் பாவித்த பழசு. ஐயா முறுக்கைக் கொடுக்கச் சொல்லி ஒவ்வொன்றாக அளந்தார். ஐந்து பெட்டி 12 வோல்ற்றுக்கு மேல் நின்றது, மாற்றிய பெட்டி 10க்கு இறங்கியது. “ஒரு மாடு படுத்தா வண்டில் நிண்டிடும் பிள்ளை” என்றார். இரண்டு வருச வாரண்டி மோட்டருக்கு மட்டுமாம், பற்றறிக்கு ஆறு மாதமாம். வாரண்டி அட்டையின் பின்பக்கத்தில் பேனையால் எழுதியிருந்ததை அப்போதுதான் எனக்குக் காட்டினார்கள். காசைத் திருப்பிக் கேட்டதற்கு, “நல்லூர்க் கொடியேற்றம் முடியட்டும் அக்கா, முதலாளி வருவார்” என்றார்கள்.

கொடியேறியது, தேரும் முடிந்தது, முதலாளி வரவில்லை. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத உட்கார்ந்தபோதுதான் எனக்கு இடி விழுந்தது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி, பொருளை வாங்கி மூன்று மாதத்துக்குள் முறைப்பாட்டை எழுத்தில் கொடுக்கவேண்டும். எனக்கு நாலு மாதமாகியிருந்தது. ‘ஆள் வருவார்’, ‘கொடியேற்றம் முடியட்டும்’ என்று அவர்கள் இழுத்துக்கொண்டிருக்கும்போதே அந்த மூன்று மாதமும் போய்விட்டது. உங்களுக்கு இப்படி நடந்தால் கடைக்காரரோடு சமாதானம் பேசிக்கொண்டே ஒரு பக்கம் முறைப்பாட்டையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். அதிகார சபையின் தொலைபேசி 1977. பில்லில் பற்றறி வகை, வோல்ற், அம்பியர்-மணி, பற்றறிக்கான வாரண்டி நாலையும் எழுதுவித்து வாங்குங்கள். எழுத மாட்டோம் என்றால் வெளியே வந்துவிடுங்கள்.

இப்போது பைக் வீட்டுக் கொட்டிலில் நிற்கிறது, வங்கிக் கடன் மாதாமாதம் சம்பளத்தில் வெட்டுப்படுகிறது, நான் பஸ்ஸில் போகிறேன். வைகாசி திரும்பவும் வரப்போகிறது. கடைக்குப் பின்னாலுள்ள ஒழுங்கையில் ஓடிப் பார்த்துவிட்டுக் காசு கட்டாதீர்கள். காலை எட்டு மணிக்கு வல்லை வெளிக்குக் கொண்டுபோய், யாழ்ப்பாணப் பக்கம் முகத்தைத் திருப்பி, 50இல் ஓடிப் பார்க்க விடுவீர்களா என்று கேளுங்கள்.