களுதாவளையா, கொழும்பா?

பெரியப்பா காலமான பிறகு பெரியம்மாவுக்கு இரண்டு வழிகள் இருந்தன: மட்டக்களப்பு மாவட்டத்தில் உள்ள களுதாவளைக் கிராமத்து வீட்டில் தனியாக இருப்பது, அல்லது கொழும்பில் மகனோடு இருப்பது. இரண்டையும் அவர் வாழ்ந்து பார்த்துவிட்டார்.

கொழும்பில் நான்காம் மாடி. பெரிய ஆஸ்பத்திரிகள் பக்கத்தில், மகனும் பாசக்காரன். ஆனால் காலை ஏழு மணிக்கு எல்லோரும் வேலைக்குப் போனால் இருட்டும்வரை பேச ஆளில்லை. நடை குறைந்தது, தூக்கம் கெட்டது, பிரஷர் குளிசையையும் மறந்தார். துக்கத்தைச் சொல்லி அழ முடியாமல் நாள் முழுவதும் தொலைக்காட்சியின் முன்னால் இருந்தார்.

களுதாவளையில் துக்கம் குறையவில்லை. ஆனால் அதைச் சுமக்கப் பலர் இருக்கிறார்கள். ஈரச் சாக்கின்மேல் வெற்றிலையை எண்ணி அடுக்கும் பெண்களோடு அவரும் உட்காருகிறார். கை வேலை செய்ய, வாய் பெரியப்பாவைப் பற்றிப் பேசுகிறது. "அக்கா, குளிசை போட்டீர்களா?" என்று வேலிக்கு அப்பாலிருந்து குரல் வருகிறது. பிள்ளையார் கோயிலுக்கு நடந்தே போகிறார். கிளினிக்குக்குக் களுவாஞ்சிகுடிக்குப் பஸ்ஸில் போகவும் துணை கிடைக்கிறது.

148 ஆய்வுகளைத் தொகுத்து 2010இல் வெளியான ஆய்வொன்று, வலுவான உறவுகள் உள்ளவர்கள் உயிரோடிருக்கும் வாய்ப்பு 50 சதவீதம் அதிகம் என்றது. எனக்கு அது வியப்பாக இல்லை.

இரவுதான் பயம். விழுந்தால் யார் தூக்குவது? அதனால் பக்கத்து வீட்டில் ஒரு சாவி இருக்கிறது. 1990 என்ற அம்புலன்ஸ் எண்ணைச் சுவரில் பெரிதாக எழுதியிருக்கிறோம். என் ஓட்டு களுதாவளைக்கே.